ஸ்டென்ட் வைத்து நாலு மாதம், பல் பிடுங்க மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

தேனிப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது. சித்திரையில் ஹார்ட் அட்டாக் வந்து மதுரைக்குக் கொண்டுபோனோம், ஆஞ்சியோ பார்த்து அன்றைக்கே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 45 சதவீதம். இப்போது சாப்பிடுவது: ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75, ராத்திரி அடோர்வாஸ்டாடின் 80, மெட்டோப்ரோலால், ராமிப்ரில், காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல், அப்புறம் ஐசோசார்பைட் மோனோநைட்ரேட் காலை 8 மணிக்கும் மதியம் 3 மணிக்கும். இது போக, நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி சார்பிட்ரேட் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், அது சட்டைப் பையிலேயே இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், கையில் அங்கங்கே நீலமாகக் கன்றிப்போகிறது, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். அப்பாவுக்கு இதுவே பயம். அதற்குள் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வீங்கிவிட்டது. பல் டாக்டரிடம் போனால், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை இரண்டையும் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள், பிடுங்கிவிடலாம் என்கிறார். பெரியப்பாவோ, "நான் ஸ்டென்ட் வைத்து எட்டு வருஷம் ஆச்சு, ஒரே மாத்திரைதான் போடுறேன், உனக்கு எதுக்குடா இத்தனை" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா தினமும் எதை நிறுத்தலாம் என்றுதான் கேட்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகம். நெஞ்சில் எந்த வலி வந்தாலும் சார்பிட்ரேட்டை வைத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார், சரியா? இன்னொன்று, போன மாதம் அத்தைக்கு வாய் கோணி ஒரு பக்கம் கை விழுந்துவிட்டது. வீட்டிலிருந்த ஒருவர் உடனே ஆஸ்பிரினைக் கரைத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் அதற்காகத் திட்டினார்கள். ஹார்ட் அட்டாக்குக்கு ஆஸ்பிரின் கொடு என்கிறார்கள், ஸ்ட்ரோக்குக்குக் கொடுத்தால் தப்பா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.


மருந்துக்கடை அண்ணன்:

தங்கச்சி, எடுத்ததும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட் வைத்த இதய டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரினையும் சரி, குளோபிடோக்ரலையும் சரி, ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். பல் டாக்டர் சொன்னாலும், பெரியப்பா சொன்னாலும், கடையில் நானே சொன்னாலும்.

காரணம் இதுதான். ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் வைத்த உலோக வலை. குழாயின் உள்தோல் மெல்ல அதன் மேல் வளர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகும், அதிலும் மருந்து பூசிய ஸ்டென்டில் அது இன்னும் மெதுவாக நடக்கும். அதுவரை ரத்தத்தில் ஓடும் தட்டணுக்கள் அந்தக் கம்பியைக் கண்டால் ஒட்டிக்கொண்டு கட்டியாகப் பார்க்கும். அப்படி ஸ்டென்டுக்குள் கட்டி விழுந்தால் குழாய் ஒரே நேரத்தில் முழுசாக அடைத்துவிடும். முதலில் வந்த அட்டாக்கைவிட அது மோசமாக இருக்கும், பலர் பிழைப்பதில்லை. அதனால்தான் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருஷம் இரண்டு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு வருஷம் தாண்டியதும் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரச் சொல்வார்கள், பெரும்பாலும் ஆஸ்பிரின். பெரியப்பா ஒன்றே போடுவது அதனால்தான், எட்டு வருஷம் ஆகிவிட்டது அவருக்கு. அப்பாவுக்கு நாலு மாதம். இரண்டு பேரையும் ஒப்பிடவே முடியாது.

ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு என்று கடையில் நிறைய பேர் கேட்பார்கள். தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுச் சேர்வதற்குப் பல வழிகள் உண்டு. ஆஸ்பிரின் த்ரோம்பாக்ஸேன் என்ற பொருளைச் சுரக்க விடாமல் ஒரு வழியை அடைக்கிறது, குளோபிடோக்ரல் ஏடிபி என்ற வேறொரு பொருள் வந்து உட்காரும் இடத்தை அடைத்து இன்னொரு வழியை மூடுகிறது. இரண்டுமே, தொட்ட தட்டணு சாகும்வரை விடாது. தட்டணுவின் ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள். மாத்திரையை நிறுத்தினால் புதுத் தட்டணுக்கள் வந்து பழையபடி உறைய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். பல் டாக்டரின் ஒரு வாரக் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் நாலு மாத ஸ்டென்டுக்கு அந்தக் கணக்கு ஆகாது.

பல்லைப் பொறுத்தவரை, ஒன்றிரண்டு பல்லை மாத்திரை போட்டுக்கொண்டே பிடுங்கலாம் என்பதுதான் இப்போதைய வழக்கம். பஞ்சு வைத்து அழுத்துவது, தையல், டிரானெக்சாமிக் ஆசிட் என்று வாயிலேயே ரத்தத்தை நிறுத்த வழி இருக்கிறது. இதய டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, பல் மருத்துவக் கல்லூரியோ, வாய் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் இடமோ பார்த்துப் போங்கள். காலையில் போனால் நல்லது, ரத்தம் கசிந்தால் திரும்பிப் போக நேரம் இருக்கும்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று பல் வலிக்கு எழுதித் தரும் மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதுவும் அப்பாவுக்கு வேண்டாம். வயிற்றில் ரத்தக் கசிவைக் கூட்டும், அட்டாக் வந்தவர்களுக்கு மறுபடி வரும் ஆபத்தையும் கூட்டும். ஐபுப்ரோஃபென் இன்னும் ஒரு படி மேலே போய், ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு தான் உட்கார்ந்து அதை வேலை செய்யவிடாமல் செய்துவிடும். பாராசிட்டமால் போதும். ஆன்டிபயாடிக் எழுதினால் கொழுப்பு மாத்திரை அடோர்வாஸ்டாடின் 80 போடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் அது உடம்பில் ஏறிப்போய்த் தசையைக் கெடுக்கும்.

பான்டோப்ரசோல் வெறும் கேஸ் மாத்திரைதானே என்று நிறுத்திவிடாதீர்கள், இரண்டு மாத்திரையும் சேர்ந்து வயிற்றைப் புண்ணாக்காமல் காப்பது அதுதான். அதற்குப் பதிலாக ஒமெப்ரசோல் வாங்கவும் வேண்டாம். குளோபிடோக்ரல் கல்லீரலில் மாறிய பிறகுதான் வேலை செய்யும், அந்த மாற்றத்தை ஒமெப்ரசோல் தடுக்கும்.

கன்றிப்போவதும் ஈறில் லேசான ரத்தமும் இந்த மாத்திரைகளோடு வருவதுதான், மென்மையான பிரஷ் வாங்கிக் கொடுங்கள், அடுத்த முறை போகும்போது டாக்டரிடமும் சொல்லிவையுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால், வாந்தியிலோ சிறுநீரிலோ ரத்தம் வந்தால், மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தால், எங்காவது தலை இடித்துத் தலைவலி கூடினால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.


சிசியூ சிஸ்டர்:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. மற்ற இரண்டு கேள்விக்கும் நான் சொல்கிறேன், தினமும் இதைத்தான் வார்டில் பார்க்கிறேன்.

சார்பிட்ரேட் குழாயை விரிக்கும் மருந்து. நாக்குக்கு அடியில் கரைந்தால் சில நிமிஷத்தில் வேலை செய்யும், கால் பக்கத்து ரத்த நாளங்களும் விரிவதால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்து அதன் சுமை இறங்கும், வலி விடும். கூடவே பிபியும் இறங்கும். அதனால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். நின்றுகொண்டே வைத்துவிட்டு பாத்ரூம் போய் விழுந்து நெற்றியில் தையலோடு வருகிறவர்கள் உண்டு. தலை விண்விண்ணென்று வலிக்கும், அது மருந்தின் வேலைதான், பயப்பட வேண்டாம். ஏற்கெனவே தலை சுற்றி வியர்த்துத் துவண்டு கிடப்பவருக்கு, பிபி பார்க்காமல் வைக்கவே கூடாது. ஆண்மைக் குறைவுக்குச் சில்டெனாஃபில் போட்டிருந்தால் 24 மணி நேரமும், டாடலாஃபில் போட்டிருந்தால் 48 மணி நேரமும் இதைத் தொடக்கூடாது, பிபி பாதாளத்துக்குப் போய்விடும். இதைக் கேட்க வீட்டில் எல்லாரும் கூச்சப்படுவார்கள். நாங்கள் வார்டில் கூச்சப்படாமல் கேட்போம், நீங்களும் அம்மாவை விட்டாவது கேட்டுவிடுங்கள்.

ஒன்று வைத்து ஐந்து நிமிஷத்தில் வலி விடவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான், அடுத்தது அடுத்தது என்று வைத்துக்கொண்டே உட்காரக்கூடாது. இன்னொன்று: சார்பிட்ரேட் வைத்து வலி போனது, அதனால் அது இதய வலிதான் என்றோ, போகவில்லை, அதனால் வாயுதான் என்றோ முடிவு கட்டாதீர்கள். உணவுக்குழாய் இறுகி வரும் வலிகூட இதற்கு அடங்கும், உண்மையான அட்டாக் இதற்கு அடங்காமலும் போகும். ஈசிஜிதான் சொல்லும். வாயு என்று சொல்லி சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டு ஆறு மணி நேரம் கழித்து வருகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய தசை அவ்வளவும் போயிருக்கும்.

ஹார்ட் அட்டாக் சந்தேகத்தில் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் அளவுக்கு மென்று விழுங்க வைப்பது நிஜமாகவே உயிர் காக்கும், ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக் கசிவோ இல்லாதவர்களுக்கு. 1988-இல் வந்த ஐசிஸ்-2 என்ற பெரிய ஆய்வில் 17,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். எந்த மருந்தும் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்தில் 13 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆஸ்பிரினும் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். தமிழ்நாட்டில் 2023-இலிருந்து இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும்கூட இந்த முதல் டோஸ் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 150 இரண்டு, குளோபிடோக்ரல் 75 நாலு, அடோர்வாஸ்டாடின் 10 எட்டு, மொத்தம் 14 மாத்திரை. பெரிய ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஸ்ட்ரோக் கதை வேறு. பெரும்பாலான ஸ்ட்ரோக் கட்டி அடைத்து வருவது, ஆனால் ஐந்தாறு பேரில் ஒருவருக்கு மூளையில் குழாய் வெடித்து வருகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி: அதே கோணின வாய், அதே விழுந்த கை, அதே குழறல். சிடி எடுத்தால்தான் தெரியும். வெடித்த குழாய்க்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரத்தம் இன்னும் பரவும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஸ்ட்ரோக் வந்த பலருக்குச் சரியாக விழுங்க வராது, கரைத்துக் கொடுத்த தண்ணீர் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகலாம். எனவே வாய் வழியாக எதுவுமே கொடுக்கக்கூடாது, தண்ணீர், காபி, மாத்திரை எதுவும். பிபி ஏறிக் கிடக்கிறதே என்று நிஃபெடிபின் கேப்சூலைப் பிய்த்து நாக்குக்கு அடியில் ஊற்றுவது இன்னும் ஆபத்து. அடைப்புக்கு அந்தப் பக்கம் தவித்துக்கொண்டிருக்கும் மூளைக்கு அந்த அழுத்தத்தில்தான் கொஞ்சமாவது ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, அதைத் திடீரென்று இறக்கினால் அதுவும் நின்றுவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு, சிடி வசதி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸோ டெனெக்டெப்ளேஸோ பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தூக்கத்தில் வந்திருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லாதீர்கள், படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற சீட்டும் கையில் இருக்கட்டும், அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஏதாவது போடுபவர் என்றால் அந்த ஊசியைப் போடுவதா என்றே யோசிப்பார்கள்.


நெல்லைக்காரன்:

சிஸ்டர் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன்.

எங்கள் அம்மாவுக்கும் ஸ்டென்ட் வைத்த அதே வருஷம் பல் பிடுங்கினோம், இரண்டு மாத்திரையும் போட்டுக்கொண்டேதான். முதல் இடத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பல் மருத்துவக் கல்லூரியில் இதய டாக்டரின் கடிதத்தைக் காட்டியதும் எடுத்துக்கொண்டார்கள். பிடுங்கி, இரண்டு தையல் போட்டு, ஏதோ மருந்தில் நனைத்த பஞ்சைக் கடிக்கச் சொல்லி ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். சாயங்காலம்வரை எச்சிலில் லேசாகச் சிவப்பு, அவ்வளவுதான். அன்றைக்குச் சூடாக எதுவும் கொடுக்க வேண்டாம், வாய் கொப்பளிக்கவும் வேண்டாம், உறிஞ்சிக் குடிக்கவும் வேண்டாம் என்றார்கள், மோர்சாதம் கொடுத்தோம்.

எங்கள் சித்தப்பா விஷயம் நேர்மாறு. ஸ்டென்ட் வைத்து ஆறேழு மாதம், உடம்பு நன்றாகிவிட்டது, வயலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். இனி எதற்கு என்று ஆஸ்பிரினை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார், விலையும் ஒரு காரணம். அதே ஸ்டென்ட் அடைத்து மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் தப்பியது, ஆனால் பம்பிங் 30-க்கு வந்துவிட்டது, இன்று மாடிப்படி ஏற முடியவில்லை. விலைதான் கஷ்டம் என்றால் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்து பாதிக்கும் கீழான விலையில் கிடைக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருகிறார்கள். நிறுத்துவதைவிட அங்கே போய் வரிசையில் நிற்கலாம்.

மருந்துக்கடை அண்ணா, அடோர்வாஸ்டாடின் பற்றியும் சொல்லுங்கள். கொழுப்பு ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டது, இன்னும் 80 எதற்கு என்று ஊரில் பாதிப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.


மருந்துக்கடை அண்ணன்:

நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான். விட்டால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அட்டாக் வந்தவர்களுக்கு ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவும் பொருந்தாது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே, இப்போது பல டாக்டர்கள் 55-க்குக் கீழேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். கொழுப்பைக் குறைப்பதோடு, குழாய்ச் சுவரில் ஏற்கெனவே படிந்திருக்கும் படிவு வெடிக்காமல் இறுக்கிவைப்பதும் அதன் வேலை. அட்டாக் வருவதே அந்தப் படிவு வெடித்து அதன் மேல் ரத்தம் உறைவதால்தான். தசை வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார், வேறு ஸ்டாடின் மாற்றுவார், எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரையைச் சேர்ப்பார். சர்க்கரை லேசாக ஏறலாம் என்பதும் உண்மை, இருந்தாலும் அட்டாக் வந்தவருக்கு அந்த மாத்திரையால் வரும் நன்மை ரொம்பவே பெரிது.

தேனித் தங்கச்சி அப்பாவுக்குப் பம்பிங் 45 என்பதால் மெட்டோப்ரோலாலும் ராமிப்ரிலும் பிபிக்கு மட்டும் கொடுத்ததில்லை. ஒன்று துடிப்பைக் குறைத்து இதயத்துக்கு ஓய்வு தருகிறது, இன்னொன்று அடிபட்ட தசை தளர்ந்து இதயம் பெரிதாகாமல் தடுக்கிறது. பிபி 120 வந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். மெட்டோப்ரோலாலைத் திடீரென்று விட்டால் துடிப்பு எகிறி நெஞ்சு வலி திரும்ப வரும். ராமிப்ரிலில் வறட்டு இருமல் வந்தால் இருமல் டானிக் வாங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், டெல்மிசார்டான் மாதிரி மாற்றித் தருவார்.


தேனிப்பொண்ணு:

அண்ணா, அக்கா, நெல்லை அண்ணா, எல்லாருக்கும் நன்றி. மதுரை டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டேன். இரண்டையும் நிறுத்தக்கூடாது, கடிதம் தருகிறேன் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வீக்கத்துக்கு அமாக்சிசிலினும் வலிக்குப் பாராசிட்டமாலும் மட்டும் போதும் என்றார். அத்தைக்கு சிடியில் அடைப்புதான் என்று வந்தது, நல்லவேளை, இப்போது பிசியோதெரபி நடக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் சிஸ்டர் அக்கா சொன்னதைப் படித்துக் காட்டினேன். அப்பாவின் மாத்திரைச் சீட்டைப் படம் எடுத்து எல்லார் போனிலும் போட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அந்த மோனோநைட்ரேட்டை எதற்கு 8 மணிக்கும் 3 மணிக்கும் போடச் சொல்கிறார்கள்? அப்பா மதியம் தூங்கிவிடுகிறார். காலை எட்டு, ராத்திரி எட்டு என்று வைத்தால் மறக்காது, மாற்றலாமா?


மருந்துக்கடை அண்ணன்:

மாற்றக்கூடாது தங்கச்சி, அந்த நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. மோனோநைட்ரேட்டும் சார்பிட்ரேட் மாதிரி குழாயை விரிக்கும் நைட்ரேட் மருந்துதான். நைட்ரேட் உடம்பில் இருபத்து நாலு மணி நேரமும் இருந்துகொண்டே இருந்தால் உடம்பு பழகிப்போய் அதற்கு அசையாது. இது டைனமைட் ஆலைகளில் கண்ணெதிரே நடந்த விஷயம். வெடிமருந்தில் இருக்கும் நைட்ரோகிளிசரின்தான் நெஞ்சு வலிக்கும் மருந்து, 1879-இலேயே லண்டனில் வில்லியம் மரெல் என்ற டாக்டர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதிவிட்டார். அந்த ஆலைத் தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமை மண்டை பிளக்கும், வாரம் போகப் போக வலி தெரியாது, ஞாயிறு லீவு முடிந்து வந்தால் மறுபடி திங்கட்கிழமை தலைவலி. உடம்பு பழகுவதும், ஒரு நாள் விட்டால் பழக்கம் கலைவதும் அதிலேயே தெரிந்துவிட்டது.

8 மணிக்கும் 3 மணிக்கும் போட்டால் பகலில் நடமாடும் நேரம் முழுக்க மருந்து இருக்கும், ராத்திரி இறங்கிவிடும், காலையில் போடும்போது புதிதாக வேலை செய்யும். எட்டுக்கு எட்டு என்று போட்டால் அந்த இடைவெளி கிடைக்காது. ராத்திரி படுத்தபின் வலி வருகிறது என்றால் டாக்டர் நேரத்தை வேறு மாதிரி மாற்றித் தருவார், அதையும் அவர்தான் செய்ய வேண்டும். சாப்பிட்டுப் படுக்கும்போது போனில் மூன்று மணிக்கு அலாரம் வைத்துவிடுங்கள். தூங்கிப்போனால் நாலு மணிக்குப் போடலாம். இருட்டிய பிறகு ஞாபகம் வந்தால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் காலை எட்டுக்கு வழக்கம்போல ஒன்று, இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.